கடனாகக் கேட்ட வாக்கு



வரலாறு படிக்கும்போது நம் கண்கள் பெரும்பாலும் பெரிய நாடுகளையே நாடிச் செல்கின்றன. பரந்த நிலமும் பெரும்படையும் உடைய அரசுகளின் தலைவர்களே பாடநூல்களில் பக்கம் பக்கமாக இடம் பெறுகிறார்கள். கடல் நடுவே கிடக்கும் சிறு தீவொன்றின் ஆளுநரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வரலாற்றுக்கும் பொருந்தும். வாக்கு என்பது யாருடைய சொத்து? வயிற்றுக்குச் சோறு முதலா, நாட்டுக்கு விடுதலை முதலா? தலைமைப் பதவியில் அமர்ந்தவர் எப்போது அதைவிட்டு எழ வேண்டும்? இம்மூன்று வினாக்களும் எந்நாட்டுக்கும் உரியவை. இவை மூன்றும் ஒரே மனிதரின் வாழ்வில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவர் பெயர் லூயிஸ் முன்யோஸ் மரீன். கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ என்னும் தீவின் மக்கள், தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் ஆளுநர் அவர்.

முதலில் அத்தீவைச் சற்று அறிந்துகொள்வோம். தேசப்படத்தில் கியூபாவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கிழக்கு நோக்கி விரலை நகர்த்துங்கள். ஹிஸ்பானியோலாத் தீவைக் கடந்தவுடன் நீள்சதுர வடிவில் ஒரு சிறு தீவு தென்படும். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 100 மைல் நீளம். வடக்குத் தெற்காக 35 மைல் அகலம். நடுவே மலைத்தொடர். மலைச்சரிவுகளில் காப்பியும் புகையிலையும் விளைந்தன. கடலோரச் சமவெளியில் கரும்பு விளைந்தது. 1493-ஆம் ஆண்டில் கொலம்பஸ் தமது இரண்டாம் பயணத்தின்போது இங்கு வந்தார். அதன்பின் நானூறு ஆண்டுகள் ஸ்பெயின் இதனை ஆண்டது. புவேர்ட்டோ ரிக்கோ என்ற ஸ்பானியப் பெயருக்கு 'வளமான துறைமுகம்' என்று பொருள். வளம் இருந்தது உண்மை. அது யார் கைக்குப் போயிற்று என்பதே இத்தீவின் வரலாறு.

முன்யோஸ் மரீனின் தந்தையார் முன்யோஸ் ரிவேராவும் பெரிய தலைவரே. கவிஞர்; பத்திரிகையாசிரியர். ஸ்பெயினுடன் பொறுமையாக வாதாடி, 1897-இல் தம் தீவுக்குத் தன்னாட்சி உரிமை பெற்றுத் தந்தவர்களுள் முதன்மையானவர். 1898 பிப்ரவரியில் தன்னாட்சி அமைச்சரவை பதவியேற்றது. அதே மாதம் 18-ஆம் நாள் அவருக்குச் சான் ஹுவான் நகரில் மகன் பிறந்தான். ஒரே மாதத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்தன எனலாம். அவற்றுள் தன்னாட்சி என்னும் குழந்தை ஆறு மாதம்கூட நிரம்ப வாழவில்லை. ஸ்பெயினுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் போர் மூண்டது. ஜூலை 25-ஆம் நாள் அமெரிக்கப் படை தீவின் தென்கரையில் இறங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி தீவு கைம்மாறியது. தீவு மக்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதிய ஆட்சியில் வாஷிங்டனிலிருந்து ஆளுநர்கள் வந்தார்கள். அவர்களை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நியமித்தார். 1917-ஆம் ஆண்டுச் சட்டம் தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை அளித்தது. தங்கள் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அளிக்கவில்லை. தந்தையார் ரிவேரா, வாஷிங்டனில் தீவின் பிரதிநிதியாக இருந்து, வாக்குரிமை இல்லாத இருக்கையில் அமர்ந்து, தம் மக்களுக்காக இறுதிவரை பேசினார். 1916 நவம்பரில் அவர் காலமானபோது மகனுக்கு வயது 18.

அந்த இளைஞர் அப்போது அரசியலை விரும்பியவரல்லர். சட்டப் படிப்பை இடையில் விட்டார். நியூயார்க்கில் கவிதையும் கட்டுரையும் எழுதி வாழ்ந்தார். மூனா லீ என்னும் அமெரிக்கக் கவிஞரை மணந்தார். மார்க்கம் என்ற கவிஞர் மண்வெட்டி ஏந்திய உழவனைப் பற்றி ஆங்கிலத்தில் பாடிய புகழ்மிக்க பாட்டினை ஸ்பானிய மொழியில் பெயர்த்தார். அமெரிக்க ஏடுகளில் தம் தீவின் நிலைமையை எடுத்தெழுதினார். இருமொழியிலும் வல்லவர், இரு நாட்டையும் அறிந்தவர். அக்காலத்தில் அவர் தீவின் முழு விடுதலையை விரும்பினார். பொதுவுடைமைச் சார்பும் கொண்டிருந்தார். 1931-இல் நிலையாகத் தாயகம் திரும்பினார். தந்தையார் தொடங்கிய பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1932-இல் சட்டமன்ற மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் கண்ட தாயகம் எப்படி இருந்தது? 1928-இலும் 1932-இலும் பெரும் சூறாவளிகள் தீவை உருக்குலைத்திருந்தன. காப்பித் தோட்டங்கள் அழிந்தன. சமவெளியின் நல்ல நிலமெல்லாம் கரும்பாலைக் கம்பெனிகளிடம் இருந்தது. எந்தக் கம்பெனியும் 500 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருத்தல் கூடாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் சபை 1900-ஆம் ஆண்டிலேயே விதித்திருந்தது. விதி ஏட்டில் இருந்தது. கரும்பு வயலோ பல்லாயிரம் ஏக்கராக விரிந்து கிடந்தது. கரும்பு வெட்டும் மாதங்களில் கூலி உண்டு. எஞ்சிய மாதங்களுக்கு அம்மக்கள் இட்ட பெயர் 'செத்த காலம்'. அப்பெயர் ஒன்றே போதும், விளக்கம் வேண்டா. கூலியாட்கள் பண்ணை நிலத்திலேயே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். குடிசைக்கு அடியில் இருந்த மண் பண்ணையாருடையது. அவர் சினந்தால் அன்றே வெளியேற வேண்டும். 1940-இல் அத்தீவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 46 ஆண்டு. ஆளொருவரின் ஆண்டு வருமானம் 120 டாலர் அளவே.

இத்தகைய நாட்டில் தேர்தல் மட்டும் தவறாமல் நடந்தது. தேர்தல் நாளில் ஒரு வாக்கின் விலை இரண்டு டாலர். செத்த காலத்தில் வாடிய குடும்பத்துக்கு அது சில நாட்களின் கூலி. பணம் கொடுத்தவரே வென்றார்; வென்றவர் நிலவுடைமையாளர் விரும்பாத சட்டம் எதனையும் இயற்றவில்லை. கூலியாள் தனக்கு நன்மை வராததால் வாக்கினை விற்றான். வாக்கினை விற்றதால் அவனுக்கு நன்மை வரவில்லை. இந்த வட்டத்தை எங்கே உடைப்பது?

1937-இல் முன்யோஸ் மரீன் தம் கட்சியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். அவருடைய அரசியல் வாழ்வு முடிந்தது என்று பலரும் கருதினர். அடுத்த ஆண்டு அவர் மக்கள் சனநாயகக் கட்சி என்னும் புதிய கட்சியைத் தொடங்கினார். அதன் முழக்கம் மூன்று சொற்கள்: உணவு, நிலம், விடுதலை. அதன் சின்னம் மலைநாட்டு உழவன் தலையில் அணியும் ஓலைத் தொப்பி. நகரத்தார் ஏளனமாகப் பார்த்த தொப்பியையே கொடியில் பொறித்தார். கட்சியிடம் பணம் இல்லை. பெரிய பத்திரிகைகளின் துணையும் இல்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் மலைப்பாதைகளில் சுற்றினார். காப்பித் தோட்டத்து ஓரத்திலும் சிற்றூர்க் கடைவாசலிலும் நின்று, பத்துப் பேர் கூடினாலும் பேசினார்.

என்ன பேசினார்? இங்கேதான், மாணவர்களே, நீங்கள் நன்கு கவனிக்க வேண்டும். அவர் மக்களைப் புகழவில்லை. வாக்கினை விற்பவனும் அநீதியில் பங்காளி என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். நீதியும் இரண்டு டாலரும் ஒருசேரக் கிட்டா. இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார். பணத்துக்கு எதிராக மானம் என்பதே அந்தத் தேர்தலின் அறைகூவலாயிற்று. அதற்குமேல் ஒரு படி சென்று, வாக்கினைத் தானமாகக் கேளாமல் கடனாகக் கேட்டார். இந்த ஒருமுறை உங்கள் வாக்கினை எங்களிடம் கடனாகக் கொடுங்கள். சொன்னதைச் செய்யாவிட்டால் மறுமுறை எங்களுக்குக் கொடாதீர்கள் என்பதே அவர் வேண்டுகோள். எந்தெந்தச் சட்டங்களைக் கொண்டுவருவோம் என்று முன்கூட்டியே வரையறுத்து, அவற்றுக்கு ஆதரவளிப்போம் என்று தம் கட்சி வேட்பாளர்களை மக்கள் முன்னிலையில் உறுதிமொழி கூறச் செய்தார்.

தானம் கேட்பவன் பெற்றவுடன் போய்விடலாம். கடன் வாங்கியவன் மீண்டும் அதே வாசலில் வந்து நிற்க வேண்டும். மக்களாட்சி என்பதன் பொருளை, எழுத்தறிவு நிரம்பாத அம்மலைநாட்டு உழவர்களுக்கு இதனினும் தெளிவாக யாராலும் விளக்கியிருக்க முடியாது. 1940 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. மேலவையின் 19 இடங்களில் 10 இடங்களைப் புதிய கட்சி பிடித்தது. கீழவையில் பெரும்பான்மை கிட்டவில்லை. மயிரிழை வெற்றிதான். ஆயினும், இரண்டு டாலரை மறுத்த கைகள் ஈட்டிய வெற்றி அது. முன்யோஸ் மரீன் மேலவைத் தலைவரானார்.

கடனைத் திருப்பிக் கொடுக்கும் காலம் வந்தது. 1941-இல் நிலச் சட்டம் நிறைவேறியது. 500 ஏக்கர் விதி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1940-இல் தீர்ப்பளித்திருந்தது வழியைத் திறந்துவிட்டது. கம்பெனி நிலங்களில் ஒரு பகுதியை அரசு விலைகொடுத்து வாங்கியது. பண்ணைக் குடிசைகளில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சொந்த மனை கிடைத்தது. சிறு மனைதான், நாலு மரம் வைக்கலாம், கொஞ்சம் கிழங்கு பயிரிடலாம். ஆனால் அந்த மனையில் நின்றவனை இனி ஒருவரும் வாக்குக்காக மிரட்ட முடியாது. வாக்கு நிலத்தைத் தந்தது. நிலம் வாக்கினைக் காத்தது.

இப்பணியில் அவருக்கு வாய்த்த துணைவர் ரெக்ஸ்போர்டு டக்வெல். பொருளாதாரப் பேராசிரியர், ரூஸ்வெல்ட்டின் ஆலோசகராக இருந்தவர், 1941 முதல் 1946 வரை தீவின் ஆளுநர். நியமனம் பெற்று வந்த அமெரிக்க ஆளுநரும் மக்கள் தேர்ந்த மேலவைத் தலைவரும் இணைந்து உழைத்தனர். 1944 தேர்தலில் மேலவையின் 19 இடங்களில் 17 இடங்களை முன்யோஸ் மரீனின் கட்சி வென்றது. கொடுத்த கடன் திரும்பி வந்ததை மக்கள் கண்டுகொண்டார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1947-இல், ஆளுநரைத் தீவு மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் சபை சட்டம் இயற்றியது. 1948 நவம்பரில் நடந்த முதல் தேர்தலில் முன்யோஸ் மரீன், பதிவான வாக்குகளில் நூற்றுக்கு 61 பெற்று வென்றார். 1949 ஜனவரி 2-ஆம் நாள் பதவியேற்றார். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் கட்டிய கோட்டை மாளிகைக்குள், அம்மண்ணின் மைந்தர் ஒருவர் தம் மக்களின் வாக்கினால் முதன்முறையாக நுழைந்தார்.

நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில், அவர் செய்தவற்றுள் ஒன்றை நான் தனியே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க ஆட்சி ஏற்பட்ட நாள் முதல் அத்தீவின் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்க முயன்று வந்தார்கள். திட்டங்கள் பலமுறை மாறின; தொல்லை மாறவில்லை. வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் குழந்தை, கணக்கையும் அறிவியலையும் அறியாத மொழியில் கேட்டு விழித்தது. ஸ்பானிய மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டதற்காக வேலையை இழந்த ஆசிரியை ஒருவர் இருந்தார். ஈனெஸ் மெந்தோசா என்று பெயர். அவரே பின்னர் முன்யோஸ் மரீனின் இரண்டாம் மனைவியானார். அதே கொள்கையுடைய மரியானோ வில்யாரோங்கா என்னும் கல்வியாளரைக் கல்வித் தலைவராக்க அமெரிக்க மேலவை முன்பு இசையவில்லை. புதிய ஆளுநர் அவரையே அப்பதவியில் அமர்த்தினார். 1949-இல் ஸ்பானிய மொழி பயிற்றுமொழியாயிற்று. ஆங்கிலம் கட்டாயப் பாடமாகத் தொடர்ந்தது. தாய்மொழியில் சிந்திக்கவும் பிறமொழியைக் கருவியாகக் கொள்ளவும் கற்பிப்பதே கல்வி என்பதை அத்தீவு அரை நூற்றாண்டுக்குப்பின் மீட்டுக்கொண்டது.

அதே ஆண்டில் சமுதாயக் கல்வித் துறை ஒன்றும் தொடங்கப்பட்டது. அதற்கான சட்டத்தின் முகவுரையை ஆளுநரே எழுதினார். வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போலவே, ஊர்ப்பொறுப்பு எதுவும் இல்லாமல் மக்கள் சும்மா இருப்பதும் ஒரு திண்டாட்டமே என்பது அவர் கருத்து. இத்துறையினர் மலையூர்களுக்குத் திரைப்படம் கொண்டு சென்றார்கள். ஓவியர்கள் வரைந்த சுவரொட்டிகளையும் எளிய நூல்களையும் கொண்டு சென்றார்கள். ஊரார் கூடிப் பேசினார்கள். ஓடைக்குப் பாலம் வேண்டுமா, பள்ளிக்குக் கூரை வேண்டுமா என்று தாங்களே முடிவு செய்து தாங்களே கைகொடுத்தார்கள். அரசு வந்து செய்யட்டும் என்று காத்திருந்தவர்கள், நாமும் செய்யலாம் என்று துணிந்ததே அத்துறை விளைத்த பெரும்பயன்.

தொழில்துறையிலும் மாற்றம் விரைந்து வந்தது. தொடக்கத்தில் அரசே சிமெண்டு, கண்ணாடி, காகித ஆலைகளை நடத்தியது. பின்னர் அவற்றை விற்றுவிட்டு, வரிச்சலுகை அளித்து அமெரிக்க முதலாளிகளை அழைத்தது. தியோடோரோ மொஸ்கோசோ என்பவர் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள் எழுந்தன. 1950-களின் நடுவில் ஆலைத்தொழிலின் வருமானம் வேளாண்மையின் வருமானத்தை விஞ்சியது. 1960-ஆம் ஆண்டளவில் ஆளொருவரின் வருமானம் 600 டாலரைக் கடந்தது. சராசரி ஆயுள் 70 ஆண்டை நெருங்கியது. இருபதே ஆண்டுகளில் ஒரு மக்கள் கூட்டத்தின் ஆயுள் இருபதாண்டுக்கு மேல் நீண்டது என்றால் அது சிறு செயலாகுமா?

எனினும் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஆலைகள் தந்த வேலை அனைவர்க்கும் போதவில்லை. 1950 முதல் 1960 வரையிலான பத்தாண்டில் மட்டும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விமானம் ஏறி நியூயார்க் முதலிய நகரங்களுக்குப் பிழைக்கச் சென்றனர். தொழில் வளர்ந்த காலத்திலேயே ஊர்கள் வெறிச்சோடின. பொருள் பெருகும் வேகத்தில் பண்பு தேய்ந்துவிடக் கூடாது என்ற கவலை முன்யோஸ் மரீனுக்கும் இருந்தது. 1955-இல் தீவின் பண்பாட்டைக் காக்க ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. அத்தீவில் பிறந்த தாயின் மகனும் உலகப் புகழ் பெற்ற இசைமேதையுமான பாப்லோ கசால்ஸ் அங்கேயே வந்து குடியேறினார். 1957 முதல் அவர் பெயரால் இசைவிழா நடந்தது.

இனி, இவ்வாழ்வின் கடினமான பகுதிக்கு வருவோம். விடுதலை வேட்கையோடு அரசியலுக்கு வந்த இளைஞர், ஆளுநரான பின் விடுதலையை ஏன் கேட்கவில்லை? 1936-இல் அமெரிக்க மேலவையில் ஒரு மசோதா வந்தது. விடுதலை வேண்டுமானால் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஆண்டுக்குக் கால்பங்கு வீதம் நான்கே ஆண்டுகளில் உங்கள் சரக்குகளுக்கு முழுச் சுங்கவரி விதிப்போம் என்றது அது. கரும்பு ஒன்றையே விற்று வாழ்ந்த தீவுக்கு அது பட்டினிக்கான சீட்டு. அன்று முதல் முன்யோஸ் மரீனின் நெஞ்சில் ஓர் ஐயம் நுழைந்தது. 1940-இல், தீவின் அரசியல் நிலை இத்தேர்தலில் பிரச்சினையன்று எனக் கூறி அவ்வினாவை ஒத்திவைத்தார். 1946-இல் 'பழைய இலக்குகளுக்குப் புதிய வழிகள்' என்ற தலைப்பில் எழுதிய கட்டுரைகளில், முழு விடுதலையும் அல்லாத முழு இணைப்பும் அல்லாத இடைவழி ஒன்றை நாட வேண்டும் என்றார். அவருடைய நண்பர்கள் சிலர் மனம் கசந்து பிரிந்தார்கள். அதே ஆண்டில் விடுதலைக் கட்சி ஒன்று தனியே தோன்றியது.

அவரை மிகக் கடுமையாக எதிர்த்தவர் பேத்ரோ அல்பிசு காம்போஸ். ஹார்வர்டில் சட்டம் பயின்றவர். தேசியக் கட்சியின் தலைவர். விடுதலை என்பது விலைபேசும் பொருளன்று என்பது அவர் நிலை. 1948-இல் தீவின் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அரசைக் கவிழ்க்கத் தூண்டும் பேச்சையும் எழுத்தையும் தண்டிப்பதாகச் சொன்ன அச்சட்டத்தை மக்கள் 'வாய்ப்பூட்டுச் சட்டம்' என்றே அழைத்தனர். 1950 அக்டோபர் 30-ஆம் நாள் தேசியக் கட்சியினர் ஆயுதம் ஏந்தி எழுந்தனர். ஆளுநர் மாளிகையையே தாக்கினர். முன்யோஸ் மரீன் உள்ளே இருந்தார், உயிர் தப்பினார். எழுச்சி அடக்கப்பட்டது. ஆயுதம் தொடாத பலரும் கைதாயினர். கூலியாளின் வாக்கினை விடுவித்தவரின் ஆட்சியில், மாற்றுக் கருத்தினரின் நாவுக்குப் பூட்டு விழுந்தது. 1957-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் அதன் தழும்பு மறையவில்லை.

1952-இல் தீவு தனக்கென ஓர் அரசியலமைப்பை வகுத்துக்கொண்டது. மக்கள் வாக்களித்து அதனை ஏற்றனர். அதிலிருந்த உரிமைப் பட்டியலின் 20-ஆம் பிரிவு, வேலை பெறும் உரிமையையும், உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றுடன் வாழும் உரிமையையும் ஏற்றுக் கூறியது. அப்பிரிவை நீக்கினால்தான் ஒப்புதல் என்றது அமெரிக்கக் காங்கிரஸ் சபை, நீக்கப்பட்டது. உணவும் நிலமும் முதலில், மற்றவை பின்னர் என்று சொல்லி வந்த தலைவரின் அரசியலமைப்பிலிருந்து உணவைப் பற்றிய பிரிவையே பிறர் அடித்துவிட்டார்கள். சோற்றையும் விடுதலையையும் இரண்டாகப் பிரித்துவிட முடியுமா என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு இல்லை. அவ்வாண்டு ஜூலை 25-ஆம் நாள், அமெரிக்கப் படை இறங்கிய அதே நாளில், தீவின் கொடி அமெரிக்கக் கொடியுடன் ஏற்றப்பட்டது. 'சுதந்திர இணைநாடு' என்பது புதிய பெயர். அப்பெயரில் சுதந்திரம் எவ்வளவு, இணைப்பு எவ்வளவு என்ற விவாதம் அன்று தொடங்கியது.

அவர் நான்கு முறை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்: 1948, 1952, 1956, 1960. ஐந்தாம் முறையும் நின்றிருந்தால் வெற்றி உறுதி. 1964 ஆகஸ்டில் மாயகுவேஸ் நகரில் கட்சி மாநாடு கூடியது. இனித் தாம் போட்டியிடப் போவதில்லை என்று அவர் அறிவித்தார். கூட்டம் ஏற்க மறுத்தது. இன்னும் நான்கு ஆண்டு வேண்டுமென ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரித்தனர். அவர் அசையவில்லை. மக்களின் வலிமை மக்களிடமே இருக்கிறது, ஒரு மனிதரிடம் இல்லை என்று எடுத்துரைத்தார். தம்முடன் நெடுங்காலம் பணியாற்றிய ரோபெர்த்தோ சாஞ்செஸ் வில்யேலாவை முன்னிறுத்தினார். பதவியிலிருந்து இறங்குமுன், சிறையிருந்து நோயால் நலிந்திருந்த அல்பிசு காம்போஸுக்கு மன்னிப்பு வழங்கினார். அவர் அடுத்த ஆண்டு காலமானார்.

ஒருவரைத் தொழுத கட்சி அவர் விலகியதும் தள்ளாடுவது இயல்பு. சாஞ்செஸ் வில்யேலாவுக்கும் கட்சிக்கும் பிளவு ஏற்பட்டது. 1968 தேர்தலில் கட்சி தோற்றது. அமெரிக்காவுடன் முழுதும் இணைய வேண்டும் என்ற லூயிஸ் ஃபெர்ரே ஆளுநரானார். முன்யோஸ் மரீன் சில காலம் வெளிநாட்டில் தங்கித் திரும்பினார். 1980 ஏப்ரல் 30-ஆம் நாள் காலமானார். தந்தையார் துயிலும் பர்ராங்கித்தாஸ் என்னும் மலையூருக்கு அவர் உடல் கொண்டுசெல்லப்பட்டபோது, வழிநெடுக மக்கள் திரண்டு நின்றனர். அவர்களுள், 1940-இல் இரண்டு டாலரை மறுத்த முதியோரும் இருந்திருப்பார்கள்.

அவர் ஒத்திவைத்த வினா என்ன ஆயிற்று? அது ஒத்திவைத்த இடத்திலேயே நிற்கிறது. 1967 முதல் தீவில் பலமுறை வாக்கெடுப்பு நடந்தும் முடிவு ஏற்படவில்லை. அம்மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் வாழும்வரை குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கில்லை. 7,000 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனில் தீவு மூழ்கியபோது, 2016-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சபை அதன் நிதியை மேற்பார்க்க ஒரு குழுவைச் சட்டத்தால் ஏற்படுத்தியது. அதனைத் தீவு மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அதே ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், தீவு அரசின் அதிகாரத்துக்கு இறுதி ஊற்று அமெரிக்கக் காங்கிரஸ் சபையே என்று ஒரு வழக்கில் கூறியது.

அப்படியாயின் முன்யோஸ் மரீனை எவ்வாறு மதிப்பிடுவது? அவரைத் தீவின் தந்தை என்பாரும் உளர். கனவைக் கைவிட்டவர் என்பாரும் உளர். இரு சாராரும் ஒவ்வொரு பாதியைக் காண்கின்றனர் என்பதே என் கருத்து. கூலியாளிடம் வாங்கிய கடனை அவர் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். மனையாக, பள்ளியாக, மருத்துவமாக, நீண்ட ஆயுளாக அது திரும்பி வந்தது. பசித்திருப்பவனிடம் கொள்கையைக் காட்டிப் பொறுத்திரு என்று சொல்ல அவர் மனம் இடந்தரவில்லை. அதற்காக அவரைக் குறைகூற எனக்கும் மனம் இல்லை. ஆனால் அவருடைய கட்சிக் கொடியில் எழுதிய மூன்று சொற்களில் மூன்றாவது சொல்லும் ஒரு கடனே. அதனை அவர் திருப்பவில்லை. அடுத்த தலைமுறை அடைக்கும் என்று விட்டுச் சென்ற கடன், வட்டியேறி இன்றும் அத்தீவின் வாசலில் நிற்கிறது.

மாணவச் செல்வங்களே! ஒரு தலைவரின் பெயரைக் கேட்டவுடன் மாலையோ கல்லோ தேடாதீர்கள். என்ன வாக்களித்தார், எதை நிறைவேற்றினார், எதை ஒத்திவைத்தார், ஒத்திவைத்ததன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். நாளை நீங்களும் வாக்குச்சாவடியில் நிற்பீர்கள். உங்கள் கையில் இருப்பது விற்கும் பொருளன்று, கொடுத்துவிட்டு மறக்கும் தானமும் அன்று. குறித்த காலத்துக்குக் கொடுக்கும் கடன். கடன் கொடுத்தவர் கணக்கு எழுதிவைப்பார். தவணை வந்ததும் கேட்பார். இரண்டு டாலரைத் தள்ளிவிட்டு, ஓலைத் தொப்பியணிந்து மலையிலிருந்து இறங்கி வந்த அந்த உழவர்களுக்கு அக்கணக்குத் தெரிந்திருந்தது. படித்தவர்களாகிய உங்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.